உயிர் மீண்டபின்

எலும்பினுள்ளே உறையும் நெய்ப்பொருளை நம் சித்த மருத்துவ நூல்கள் ‘மூளை’ என்றே வழங்கின. உடற்கட்டுகள் ஏழனுள் என்புக்கு அடுத்து அது வைத்தெண்ணப்பட்டது. இன்றைய பாடநூல்கள் அதனை ‘என்பு மச்சை’ என்கின்றன. குருதிக்கு ஊற்றுக்கண் அதுவே. அவ்வூற்றுக் கெட்டவிடத்துப் பிறர் மச்சையைப் பெய்து உயிர்காக்கும் மருத்துவம் நம் காலத்து அற்புதங்களுள் ஒன்று.

1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் றொபேட் குட் என்னும் மருத்துவர், நோயெதிர்ப்பு ஆற்றலின்றிப் பிறந்த ஐந்து மாதக் குழந்தைக்கு அதன் தமக்கையின் மச்சையைச் செலுத்தினார். குழந்தை பிழைத்து வளர்ந்து ஆளாயிற்று. இத்துறையில் நெடிதுழைத்த டொனல் தோமஸ் 1990இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

ஆயினும், பிழைத்தல் வேறு, வாழ்தல் வேறு. நோயுற்ற மச்சையை அழிக்கக் கடுமருந்தும், சிலவேளை உடல் முழுவதும் கதிர்வீச்சும் வேண்டப்படுகின்றன. அவற்றின் வடு ஆண்டுகள் பல சென்றபின்னும் தோன்றும். வளர்ச்சி குன்றலாம்; தைரொயிட்டுச் சுரப்பி தளரலாம்; கண்ணிற் படலம் படரலாம்; மகப்பேற்றாற்றல் அற்றுப்போகலாம். வந்த மச்சை, புகுந்த உடலையே பகையெனக் கருதித் தோலையும் ஈரலையும் வருத்துவதும் உண்டு.

யான் மருத்துவம் பயின்றவனல்லன், தமிழ் கற்பிப்பவன். எனினும் ஒரு செய்தி என்னைச் சிந்திக்க வைத்தது. சிறுவரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க மருத்துவர் கைக்கொள்ளும் பெயர்பெற்ற வினாத்தொகுதியொன்று, உடல், உள்ளம், தோழமை, பள்ளிக்கூடம் என்னும் நான்கினையும் வினாவுகின்றது. பிள்ளையையும் கேட்கின்றது, பெற்றோரையும் கேட்கின்றது. இருவர் விடையும் பலகால் ஒவ்வா. நான்கில் ஒன்று நம் வகுப்பறையில் நிகழ்வதன்றோ?

மாதக்கணக்கில் தனித்திருந்து மீளும் மாணவன் விரைவிற் களைப்புறலாம். கவனமும் நினைவும் தளரலாம். அதனைச் சோம்பலென்று கடிதல் கொடுமை. ‘பாவம்’ என்று ஒன்றும் ஏவாது ஒதுக்கி வைத்தலும் கொடுமையே. எழுதுதற்கு மேலதிக நேரம், கடும் வெயிலினின்று காப்பு, வகுப்பிற் பொக்குளிப்பானோ சின்னமுத்தோ கண்டால் வீட்டாருக்கு உடன் அறிவித்தல் ஆகிய இவை பொருட்செலவில்லா உதவிகள்.

மருத்துவத்தின் கூறுகளை நான்காக வகுத்த வள்ளுவர், நோயாளியின் அருகே நின்று தொண்டு செய்வோனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். மருந்து ஒருநாள் முடியும், அத்தொண்டோ முடிவதில்லை. வீட்டில் அது பெற்றோர் கடன். பள்ளி வாயிலைக் கடந்தபின் ஆசிரியர் கடன்.