புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகம்

இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில், வெய்பிரிட்ஜ் நகரை ஒட்டி அமைந்துள்ளது புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகம். 1991-ல் திறக்கப்பட்டது. கார்ப் பந்தய வரலாறும் விமான வரலாறும் இங்கே ஒரே வளாகத்தில் காட்சிக்கு உள்ளன. இரண்டும் இந்த மண்ணிலேயே, ஒரே இடத்தைப் பகிர்ந்தும் அந்த இடத்துக்காகப் போட்டியிட்டும் வளர்ந்தவை. ஆகவே இங்கே வருபவர் கொட்டகைகளுக்குள் நுழையும் முன், வெளியே பாசி படர்ந்து நிற்கும் கான்கிரீட் தடத்தை ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. மற்ற எல்லாப் பொருள்களுக்கும் விளக்கம் அதில்தான் இருக்கிறது.

தடம் உருவான விதம்

1903-ம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனின் சாலைகளில் கார்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். வேகமாக ஓட்டிச் சோதிக்க இடமில்லாததால் பிரிட்டிஷ் கார்த் தொழில் பிரான்ஸ், இத்தாலி நாடுகளுக்குப் பின்தங்கியிருந்தது. ஹியூ லாக் கிங் என்ற நிலக்கிழார் இதற்குத் தம் சொந்த நிலத்திலேயே தீர்வு காண முனைந்தார். பீரங்கிப் படை அதிகாரியான கர்னல் ஹோல்டன் வடிவமைத்த தடம் 1907 ஜூன் 17 அன்று திறக்கப்பட்டது. கார்ப் பந்தயத்துக்கென்றே சாய்வான வளைவுகளுடன் கட்டப்பட்ட உலகின் முதல் தடம் இதுவே. செலவு சுமார் ஒன்றரை லட்சம் பவுண்டு. லாக் கிங்கின் செல்வம் ஏறக்குறைய இதிலேயே கரைந்தது. அவர் நோயுற்றபோது மனைவி எதெல்தான் பணச் சிக்கல்களைச் சமாளித்துப் பணியை முடிக்கச் செய்தார்.

தடத்தின் நீளம் சுமார் 4.4 கிலோமீட்டர், அகலம் 30 மீட்டர். வளைவுகளில் வெளி விளிம்பு ஏறத்தாழ 9 மீட்டர் உயரம் வரை எழும்பும். சமதளத்தில் வேகமாகத் திரும்பும் வண்டியை உராய்வு மட்டுமே வளைவுக்குள் பிடித்து வைக்கிறது. தளம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், தளம் வண்டியைத் தாங்கும் விசையின் ஒரு பகுதியே வளைவின் மையம் நோக்கித் தள்ளும். மேலே ஏற ஏறச் சாய்வும் கூடுவதால், வேகமான வண்டி விளிம்பை ஒட்டியும் மெதுவான வண்டி அடியிலும் ஓடலாம். இவ்வளவு சாய்வில் தார் நிற்காது என்பதால் கான்கிரீட் போடப்பட்டது. அது நாளடைவில் ஆங்காங்கே அமிழ்ந்து மேடுபள்ளமானது. அதனால்தான் பழைய படங்களில் பந்தயக் கார்கள் நான்கு சக்கரமும் தரையை விட்டு எழும்பிப் பறக்கின்றன.

திறந்த சில நாள்களிலேயே செல்வின் எட்ஜ் தனியாளாக 24 மணி நேரம் ஓட்டி, சராசரியாக மணிக்கு 106 கிலோமீட்டர் வேகத்தில் 2,500 கிலோமீட்டருக்கு மேல் கடந்தார். இரவு முழுதும் எழுந்த இரைச்சலால் அக்கம்பக்கத்தார் கொதித்தார்கள். இரவு ஓட்டம் தடை செய்யப்பட்டது. பின்னாளில் 24 மணி நேரப் பந்தயம் நடத்த விரும்பியவர்கள், பகலில் பன்னிரண்டு மணி நேரமாக இரு நாள்களில் நடத்த வேண்டியிருந்தது!

தொடக்கத்தில் கார்ப் பந்தயத்துக்கென்று தனி மரபு ஏதும் இல்லை. குதிரைப் பந்தய முறைகளையே இரவல் வாங்கினார்கள். கார்களுக்கு எண் எழுதாமல், குதிரை ஓட்டிகளைப் போல ஓட்டுநர்கள் வண்ணச் சட்டை அணிந்தார்கள். பெண்களுக்கென 1908-ல் நடந்த பந்தயத்தில் மியூரியல் தாம்சன் வென்றார்; ஆனால் அதன்பின் பல ஆண்டுகள் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. 1935-ல் கே பெட்ரே என்ற குள்ளமான உருவங்கொண்ட பெண், 10.5 லிட்டர் டெலாஜ் காரில் மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். அத்தனை பெரிய வண்டிக்குள் அவர் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்தால் அந்த மறுப்பு எவ்வளவு அபத்தம் என்பது புரியும்.

காரும் விமானமும்

அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பொருளைப் பார்க்க நேரம் இருந்தால் நேப்பியர்-ரெயில்டன் காரைப் பார்க்கலாம். இதில் இருப்பது 24 லிட்டர் கொள்ளளவுள்ள நேப்பியர் லயன் விமான எஞ்சின். பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். 1935 அக்டோபரில் ஜான் காப் இதை மணிக்கு 143.44 மைல், அதாவது சுமார் 231 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அந்தச் சுற்றுச் சாதனை முறியடிக்கப்படவே இல்லை. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 6 அன்று, இதே தடத்தின் நடுவிலிருந்த விமானத் திடலிலிருந்து ஹாக்கர் ஹரிக்கேன் போர் விமானம் முதன்முதலாகப் பறந்தது. போருக்குப் பின் அந்தக் கார், விமானங்கள் தரையிறங்கும்போது வேகம் குறைக்க விரியும் பாராசூட்டுகளைச் சோதிக்கப் பயன்பட்டது.

1939-ல் பந்தயங்கள் நின்றன. வளாகம் விமான உற்பத்திக்குப் போனது. 1940 செப்டம்பர் 4 அன்று ஜெர்மானிய விமானங்கள் இங்கிருந்த விக்கர்ஸ் தொழிற்சாலையில் குண்டு வீசியதில் 80-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தனர். அங்கே உருவான வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் ஒன்று காட்சிக்கு உள்ளது. 1940-ன் கடைசி நாளில் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் விழுந்த அதை, 1976-ல் ஏரிப் பூதத்தைத் தேடிக் கிளம்பியவர்கள் கண்டுபிடித்தனர். 1985-ல் மேலே கொண்டுவரப்பட்டது. துணி போய்விட்டதால், கூடை முடைந்தது போன்ற அதன் உலோக எலும்புக்கூடு வெளியே தெரிகிறது. பார்ன்ஸ் வாலிஸ் வகுத்த அமைப்பு இது. சில கண்ணிகள் அறுந்தாலும் மற்றவை சுமையைப் பகிர்ந்துகொள்ளும் என்பதால், பெரிய ஓட்டைகளோடும் இவ்விமானங்கள் வீடு திரும்பின.

போருக்குப் பின் 1946-ல் வளாகம் விக்கர்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பந்தயம் திரும்பவில்லை. 1951-ல் பெரிய விமானங்களுக்கு ஓடுபாதை அமைத்தபோது பைஃப்ளீட் வளைவின் ஒரு பகுதி வெட்டி அகற்றப்பட்டது. விமானத்துக்காகத் தடம் கொடுத்த விலை அது. இங்கே வடிவமைக்கப்பட்ட வைகவுண்ட் விமானங்களை 1957 முதல் இந்தியன் ஏர்லைன்ஸும் இயக்கியது.

பார்வையிடும்போது

லண்டன் வாட்டர்லூவிலிருந்து வெய்பிரிட்ஜுக்கு ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம். உறுப்பினர் வளைவு எனப்படும் பகுதியில் ஏறி நிற்கலாம். நிற்பதே சற்றுக் கடினம். 1909-ல் கட்டிய சோதனைக் குன்றும் பக்கத்தில் உள்ளது. வளாகத்தில் உள்ள கான்கார்டு விமானத்துக்குள்ளும் செல்லலாம். பயணிகளுக்கு டிக்கெட் விற்ற விமானம் அல்ல இது. சோதனைக்கென 1974-ல் முதலில் பறந்தது, பிறகு மற்ற கான்கார்டுகளுக்கு உதிரிப் பாகம் கொடுத்தே பல ஆண்டுகள் கழிந்தன. லண்டன் பேருந்து அருங்காட்சியகமும் இதே வளாகத்தில்தான்.

பந்தயங்கள் முடிவடையும் நேர்த்தடத்தின் மீது போர்க்காலத்தில் ஒரு விமானக் கொட்டகை எழுப்பப்பட்டிருந்தது. அதைப் பெயர்த்துப் பக்கத்தில் நிறுத்தி, அடியிலிருந்த தடத்தை மீட்டு, 2017-ல் திறந்தார்கள். கொட்டகையில் இப்போது விமானம் எப்படிச் செய்யப்பட்டது என்று காட்டுகிறார்கள். மீண்ட தடத்தில் விசேஷ நாள்களில் பழைய கார்கள் ஓடுகின்றன.