நகர்ந்து போன வீடு!

வீடு நடக்குமா?

அமெரிக்காவில் ஒரு வீடு நடந்தது! சின்னக் குடிசை அல்ல. மூன்று அடுக்குச் செங்கல் வீடு. இருந்த இடத்தை விட்டுச் சுமார் 40 அடி தூரம் அது பின்னால் போனது.

இன்றும் அந்த வீடு பாஸ்டன் நகரில் நிமிர்ந்து நிற்கிறது. மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கிறார்கள்.

வீட்டை நகர்த்தியவர்கள் யார்? எதற்காக நகர்த்தினார்கள்? அந்தக் கதையை இங்கே பார்ப்போம்.

இடிந்த மாளிகை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் ஆறு மாநிலங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மொத்தமாக "நியூ இங்கிலாந்து" என்று பெயர். அங்குள்ள பெரிய நகரம் பாஸ்டன்.

அமெரிக்கா 1776ஆம் ஆண்டில் விடுதலைப் பிரகடனம் செய்தது அல்லவா? அதில் முதல் கையெழுத்துப் போட்டவர் ஜான் ஹான்காக். பாஸ்டனில் ஒரு குன்றின் மேல் அவருடைய வீடு இருந்தது. கருங்கல்லால் கட்டிய அழகான மாளிகை.

அவர் காலத்துக்குப் பிறகு, அந்த மாளிகையை அரசாங்கமே வாங்கிக் காப்பாற்ற வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பலிக்கவில்லை. 1863ஆம் ஆண்டில் மாளிகை இடிக்கப்பட்டது. கதவும் கல்லும் திசைக்கு ஒன்றாகப் போயின.

"ஐயோ, போய்விட்டதே!" என்று மக்கள் வருந்தினார்கள். ஆனால் இடித்த பிறகு வருந்தி என்ன பயன்?

ஒரு மனிதரின் பிடிவாதம்

வில்லியம் சம்னர் ஆப்பிள்டன் என்பவர் 1874ஆம் ஆண்டில் பிறந்தார். வசதியான குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய வீடுகளிடம் அவருக்கு அளவில்லாத ஆசை!

முதலில், விடுதலைப் போர் வீரர் பால் ரிவியரின் வீட்டைக் காப்பாற்றப் பலரோடு சேர்ந்து பாடுபட்டார். அந்த வீடு பிழைத்தது. அப்போதுதான் அவருக்கு ஒன்று புரிந்தது.

"ஒவ்வொரு வீட்டுக்கும் ஆபத்து வந்த பிறகு ஓடினால் முடியாது. எப்போதும் விழித்திருக்க ஒரு சங்கம் வேண்டும்."

1910ஆம் ஆண்டில் அப்படி ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இப்போது அதற்கு "ஹிஸ்டாரிக் நியூ இங்கிலாந்து" என்று பெயர். 1947ஆம் ஆண்டில் கண் மூடும் வரை ஆப்பிள்டன் அந்தச் சங்கத்துக்காகவே உழைத்தார்.

தெரு அகலமாகிறது!

நடந்த வீட்டுக்கு வருவோம்.

அதை 1796ஆம் ஆண்டில் கட்டினார்கள். சொந்தக்காரர் ஹாரிசன் கிரே ஓட்டிஸ் என்ற வக்கீல். பின்னாளில் பாஸ்டன் நகரத்துக்கே மேயர் ஆனவர். ஆனால் அந்த வீட்டில் அவர் சில ஆண்டுகள்தான் இருந்தார்.

அதன் பிறகு வீட்டின் தலையெழுத்து மாறியது. கொஞ்ச காலம் அது பெண்களுக்கான வைத்தியக் குளியல் இல்லமாக இருந்தது. பிறகு வாடகை விடுதி ஆனது. முன்புறத்தில் கடைகள் முளைத்தன. மாளிகை, அழுக்குச் சட்டை போட்ட கனவான் போல ஆகிவிட்டது!

1916ஆம் ஆண்டில் சங்கம் அந்த வீட்டை விலைக்கு வாங்கியது.

நிம்மதி நீடிக்கவில்லை. போக்குவரத்து பெருகியதால் தெருவை அகலப்படுத்த நகராட்சி தீர்மானித்தது. வீடு வழியில் நின்றது!

தெருவும் வேண்டும், வீடும் வேண்டும். என்ன செய்வது?

வீட்டை அஸ்திவாரத்திலிருந்து பிரித்தார்கள். பின்னால் நகர்த்தினார்கள். புதிய அடித்தளத்தின் மேல் உட்கார வைத்தார்கள். 1925-26ஆம் ஆண்டுகளில் நடந்தது இது.

சுவர் சொன்ன ரகசியம்

வீட்டைக் காப்பாற்றினால் போதுமா? உள்ளே எப்படி இருந்தது என்று தெரிய வேண்டாமா?

"அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் மங்கலான, அடக்கமான நிறங்களைத்தான் விரும்பினார்கள்" என்று பலர் நினைத்திருந்தார்கள்.

ஓட்டிஸ் வீட்டின் பழைய வர்ணப் பூச்சை அடுக்கு அடுக்காக ஆராய்ந்து பார்த்தார்கள். உண்மை வெளியே வந்தது. அந்தக் காலத்து மக்கள் பளிச்சென்ற நிறங்களில் ஆசை கொண்டவர்கள்! இன்று அந்த அறைகளில் கண்ணைப் பறிக்கும் சுவர்க் காகிதங்களும் தரை விரிப்புகளும் இருக்கின்றன.

சுவர்க் காகிதம் என்றால் என்ன? குளிர் நாட்டு வீடுகளில் உள் சுவரில் பூப்போட்ட காகிதத்தை ஒட்டுவார்கள். பழசானால் அதன் மேலேயே புதியதை ஒட்டுவார்கள். மற்றவர்கள் கிழித்துக் குப்பையில் போடும் அந்தக் காகிதத்தைச் சங்கம் சேர்த்து வைத்தது. இன்று அதனிடம் 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன!

நாற்காலி, கடிகாரம், தேநீர்க் கெண்டி, ஒட்டுத் துணிப் போர்வை, குழந்தைகளின் பொம்மை என்று சங்கம் சேர்த்துள்ள பொருள்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். எல்லாம் வீட்டில் புழங்கியவை. ஒரு குடும்பம் எப்படி உட்கார்ந்தது, எப்படிச் சாப்பிட்டது, எப்படித் தூங்கியது என்பதை இவை சொல்கின்றன.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினை

சங்கத்திடம் முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நியூபரி என்ற ஊரில் உள்ள காஃபின் வீடு. கட்டிய ஆண்டு 1678.

ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தது. குடும்பம் பெருகப் பெருக வீடும் வளர்ந்தது. 1785ஆம் ஆண்டில் சகோதரர்கள் இருவர் வீட்டைச் சட்டப்படி இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். அவரவருக்குத் தனிச் சமையலறை!

அண்ணன் தம்பி பாகம் பிரிப்பது எல்லா நாட்டிலும் உண்டு போலும்!

1929ஆம் ஆண்டில் வீடு சங்கத்தின் கைக்கு வந்தது. "முதலில் இருந்தபடி மாற்றுகிறோம்" என்று பிற்காலத்து அறைகளை இடித்துத் தள்ளவில்லை. ஒவ்வொரு தலைமுறையின் அடையாளத்தையும் அப்படியே விட்டுவைத்தார்கள். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போனால், ஒரு காலத்திலிருந்து அடுத்த காலத்துக்குப் போகலாம்.

எல்லோருக்கும் திறந்த கதவு

பூட்டி வைத்துப் பாதுகாப்பது மட்டும் சங்கத்தின் வேலை அல்ல. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள். வழிகாட்டிகள் அறை அறையாக அழைத்துப் போய்க் கதை சொல்கிறார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள இளஞ்சிவப்பு நிற வீடு ஒன்றில் கைவினைத் திருவிழா நடக்கிறது. பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்கு, பழுது பார்ப்பது எப்படி என்று யோசனையும் சொல்கிறார்கள்.

இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. வீட்டுக்காரர் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். வீடு அவருடையதே. குடியிருக்கலாம், விற்கலாம். ஆனால் அதன் பழமையை அழிக்கக் கூடாது. வீடு யார் கைக்கு மாறினாலும் ஒப்பந்தம் மாறாது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இப்படிப் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது.

யாருடைய வீடு?

இந்தக் கதையில் ஒரு வருத்தமும் உண்டு.

ஓட்டிஸ் வீடு இருக்கும் பகுதிக்கு "வெஸ்ட் எண்ட்" என்று பெயர். பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்கள் அங்கே நெருக்கமாக வாழ்ந்தார்கள். நகரைச் சீரமைப்பது என்று சொல்லி, 1958ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பகுதியை இடித்துத் தள்ளினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. பணக்காரர் கட்டிய ஓட்டிஸ் வீடு நின்றது. ஏழைகளின் வீடுகள் போயின!

பெரிய வீடுகளில் வேலைக்காரர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் நியூ இங்கிலாந்திலும் அடிமைகள் இருந்தார்கள். முன்பெல்லாம் அவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இப்போது சங்கம் அவர்களுடைய கதைகளையும் தேடி எடுத்துச் சொல்கிறது. வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர். அதைத் துடைத்துப் பெருக்கி அடுப்பு மூட்டியவர்கள் வேறு பலர் அல்லவா?

இரண்டு வீடுகள்

பாஸ்டனுக்குப் போகிறவர்கள் ஓட்டிஸ் வீட்டின் படியில் ஏறலாம். சன்னல் வழியே தெருவைப் பார்க்கலாம். எந்தத் தெருவுக்காக வீடு நகர்ந்ததோ, அதே தெரு!

ஹான்காக் மாளிகை இருந்த இடத்துக்கும் போகலாம். நடந்து போகும் தூரந்தான். அங்கே வீடு இல்லை. "இங்கே ஹான்காக்கின் வீடு இருந்தது" என்று சொல்லும் ஒரு பலகைதான் இருக்கிறது.