பழி கார்புரேட்டர் மீது, குற்றம் பம்ப்பில்

மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. சொந்தக்காரர்களின் செல்லப்பிள்ளைகளாகச் சில பத்மினிகள் இன்னும் ஓடுகின்றன. பானெட்டுக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் பழி கார்புரேட்டர் மீதுதான் விழும். பல சமயம் அது அநியாயம்.

எஞ்சினின் கேம் ஷாஃப்ட் தட்டத் தட்ட, மெக்கானிகல் பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு அசைந்து பெட்ரோலை இழுத்துத் தள்ளுகிறது. வயதானால் அது விறைத்துக் கிழியும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் பழைய ரப்பருக்கு ஆபத்து கூடியிருக்கிறது.

எஞ்சின் ஆறியபின் பம்ப்பைத் துடைத்துவிட்டு, சில நொடிகள் மட்டும் ஓடவிட்டு, ஈரம் எங்கே துளிர்க்கிறது என்று கவனிக்க வேண்டும். (பீடியை அணைத்துவிட்டுத்தான்!) குழாய் இணைப்பில் என்றால் கிளிப்பை இறுக்கினாலே போதும். பம்ப்பின் அடிப்பக்கத் துளையிலிருந்து சொட்டினால் சவ்வு போய்விட்டது.

வெளியே சொட்டாத கசிவுதான் மோசம். பெட்ரோல் உள்ளே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை உருவினால் தெரியும்: ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருக்கும், பெட்ரோல் நாறும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். அதோடு ஓட்டவே கூடாது. பம்ப்பைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.