துரைமார் துவக்கும் கட்டுத்துவக்கும்

ஒரு கருவியின் அருமையைக் கண்டு வியப்பது வேறு. அதனால் விளைந்த செயலைப் போற்றுவது வேறு. சப்பிரகமுவத் தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் கோலோச்சிய காலத்து வேட்டைத் துவக்குகளைப் பற்றி எழுதப் புகுமுன் இதனைச் சொல்லிவைப்பது முறையென எண்ணுகின்றோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் யானையைக் கொல்வோருக்கு அரசாங்கமே வெகுமதி அளித்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் 3,500 யானைகளுக்கு இவ்வாறு வெகுமதி வழங்கப்பட்டதாக எமர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். அக்கால வேட்டைக்காரருள் பெயர்பெற்றவர் நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர். அவருடைய பெருந்துவக்கு, அவர் வகுத்த அமைப்பின்படியே பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரால் 1840இல் செய்யப்பட்டது. நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். குழல்வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இடித்து இறக்கவேண்டும். ஒரு வெடி தீர்ந்ததும், மீண்டும் நிரப்பும்வரை அது வெறும் இரும்புத் தடியே. ஆதலின், வேட்டைக்காரனுக்குப் பின்னால் உள்ளூர் ஆள் ஒருவன் அடுத்த துவக்குடன் நின்றான். யானையின் எதிரே நின்றவர் இருவர். நூல்களில் பெயர் பெற்றவர் ஒருவரே.

இரண்டாம் வெடி

முதல் வெடி பிழைத்தால் என் செய்வது? இக்கேள்விக்கு விடை தேடியே துவக்குத் தொழிலாளர் தம் மதிநுட்பம் முழுவதையும் செலவிட்டனர் எனலாம்.

ஒரு விடை இரட்டைக்குழல் றைபிள். இரு குழலுக்கும் தனித்தனிப் பொறியும் விசையும் உண்டு. ஒன்று பழுதுற்றாலும் மற்றது கைகொடுக்கும். பேர்மிங்ஹாம் நகர வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் தொழிலகத்தைச் சேர்ந்த அன்சன், டீலி என்னும் இருவர் 1875இல் அமைத்த முறையில், தோட்டா இடுவதற்காகக் குழலை மடக்கித் திறக்கும் அசைவே பொறியையும் ஆயத்தம் செய்துவிடும். 1897இல் அதே தொழிலகத்தார், கையாலேயே கழற்றி மாற்றத்தக்க பொறியை ஆக்கினர். நகரத்துக்குத் தொலைவிலுள்ள காட்டில் பொறி கெட்டால், பெட்டியிலுள்ள மாற்றுப் பொறியைப் பொருத்திக்கொள்ளலாம். இரு குழலின் குண்டும் ஒரே இலக்கிற் படுமாறு, சுட்டுச் சுட்டுப் பார்த்து, இடையிலுள்ள ஆப்பை நகர்த்தி இணைப்பது பெரும் பொறுமைக்குரிய வேலை. தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல, வாங்குபவரின் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்தே கட்டையையும் இழைப்பர்.

மற்றைய விடை, செர்மானியர் போல் மௌசரின் 1898ஆம் ஆண்டு அமைப்பு. கதவின் தாழ்ப்பாளைப் போலவே, ஓர் உருக்குத் தண்டு முன்சென்று திரும்பிப் பூட்டிக்கொள்ளும். முன்புறத்து இரு முனைகள் வெடியின் வேகத்தைத் தாங்கும். பின்புறத்து மூன்றாவது முனை காவலுக்கு. நீண்டதொரு நகம், தோட்டா மேலெழும்பியது முதல் வெற்றுக்கூடு வெளியே எறியப்படும்வரை அதனை விடாது பற்றியிருக்கும். பதற்றத்தில் கை பாதியில் நின்றாலும் தோட்டா நழுவாது. ஒன்றோடொன்று முட்டிச் சிக்குவதும் இல்லை. இந்த அமைப்பைக் கொண்டு இலண்டன் ரிக்பி நிறுவனத்தார் செய்த றைபிள் ஒன்றே, சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907இல் வீழ்த்திய ஜிம் கோபெற்றுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். மௌசரின் காவற்பொறிக்கு மூன்று நிலைகள் உண்டு. நடுநிலையில் தோட்டாவை எடுக்கலாம், இடலாம், வெடிக்காது. சுடுவதற்கு மட்டுமன்றிச் சுடாதிருப்பதற்கும் வழிசெய்த கைவினை இது.

கண்ணில்லாத துவக்கு

துரைமார் காலம் போயிற்று. 1937இல் வனசீவராசிகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் வந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆயினும் இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளில் காட்டுப்பன்றியின் தொல்லை தீரவில்லை. லயத்துத் தொழிலாளி ஓய்வு நேரத்தில் பாடுபட்டு நட்ட மரவள்ளியைப் பன்றிக் கூட்டம் ஓரிரவில் கிளறிவிடும். அந்த வயிற்றெரிச்சலை நாம் சிறிதாக எண்ணவில்லை.

ஆனால் அதற்கு மருந்தென இலங்கைக் கிராமப்புறங்களிற் சிலர் கையாளும் கட்டுத்துவக்கு, நோயினும் கொடியது. இரும்புக் குழாயில் மருந்தும் உலோகத் துண்டுகளும் அடைத்து, விசையிற் கட்டிய கம்பியை விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே இழுத்துவிடுவர். சட்டம் இதனைத் தடுத்துள்ளது. முன் கூறிய கைவினைஞர் அத்தனை பேரும், குறிபார்க்கும் மனிதன் ஒருவன் பின்னால் நிற்பான் என்று எண்ணியே பொறி அமைத்தனர். கட்டுத்துவக்கிலோ அந்த மனிதனே இல்லை. கம்பியில் இடறியது பன்றியா, யானைக்கன்றா, விறகு பொறுக்க வந்த தாயா என்று அது பார்க்காது, காவற்பொறியும் அதற்கில்லை.

கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில் 1975 முதல் அநாதை யானைகளுக்கு ஒரு காப்பகம் இருக்கின்றது. துவக்குக் காயத்தாற் பார்வையிழந்த ராஜா என்னும் யானை அங்கே நெடுங்காலம் பராமரிக்கப்பட்டது. பிள்ளைகளுடன் அங்கு செல்லும் பெற்றோர், அந்த யானையின் கதையையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வார்களாக. தோட்டத்துப் பக்கம் வாழும் குடும்பங்கள், பாதையிற் கம்பி கட்டியிருப்பதைக் கண்டால் தொடாது விலகி, உடனே பொலிசாருக்கு அறிவிப்பது நலம்.