அலைச் செய்தி யாருக்கு?

பிஜித் தீவு என்றதும் நம்மவரில் பெரும்பாலோருக்குக் கரும்புத் தோட்டமே நினைவுக்கு வரும். 1879 முதல் 1916 வரை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. பாரதியார் கண் கலங்கிப் பாடியதும் அத்தோட்டங்களில் வாடிய நம் சகோதரிகளைப் பற்றித்தான். அப்படிச் சென்ற கப்பல்களில் ஒன்றான ‘ஸிரியா’, 1884ஆம் வருஷம் மே மாதம் 11ஆம் தேதி நஸிலாய் என்னும் பவளப் பாரில் மோதி உடைந்தது. 59 பேர் மாண்டனர். பிஜியின் பவளப் பாரும் அதன்மேல் உடையும் அலையும் நம் சரித்திரத்துக்கு அந்நியமான விஷயங்கள் அல்ல.

இன்று உலகம் பிஜியின் மற்றொரு பாரைப் பற்றி ஓயாமல் பேசுகிறது. வீட்டி லெவு என்னும் பெருந்தீவின் மேற்குப் புறத்தில், தவருவா என்னும் சிறு தீவின் அருகே ‘கிளவுட்பிரேக்’ என்ற பார் இருக்கிறது. தென்னிந்தியர் கட்டிய சுப்பிரமணிய சுவாமி கோயில் நிற்கும் நாண்டி நகரம் அதற்கு எதிர்க்கரைப் பக்கத்தில்தான் உள்ளது. மரப்பலகை போன்றதொரு மிதவையின் மேல் நின்று அலையின் முகத்தில் சறுக்கிச் செல்லும் விளையாட்டில் தேர்ந்தவர்கள், உலகத்தின் மிகச் சிறந்த அலைகளுள் ஒன்று இதுவென்று மதிக்கிறார்கள். நாளை அங்கே அலை எப்படி, காற்று எப்படி என்று பல தேசங்களில் உள்ளவர்கள் தினந்தோறும் விசாரித்தறிகிறார்கள். விளையாட்டுச் செய்திதானே என்று நாம் இதை ஒதுக்கிவிடுவதற்கில்லை. அந்தச் செய்தியில் ஏழை ஜனங்களின் உயிரும் வீடும் அடங்கியிருக்கின்றன என்பதே நாம் இங்கு எடுத்துக்காட்ட விரும்புவது.

முதலில், அலை எங்கிருந்து வருகிறது? நமக்குக் கோடையும் ஆடிக்காற்றும் நடக்கும் மாதங்கள் அங்கே குளிர்காலம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, நியூஸீலாந்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள கடலில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. அப்புயல்கள் பிஜியை எட்டிப் பார்ப்பதே இல்லை. அவை எழுப்பிய அலைகள் மாத்திரம் வருகின்றன. புயல் வீசும் இடத்தில் கடல் தாறுமாறாகக் கொந்தளிக்கும். அதைவிட்டு விலகி வர வர, அலைகள் தம்முள் ஒழுங்குபட்டு, நீண்ட வரிசைகளாய் அமைந்துவிடுகின்றன. அலைக்கு அலை 16 விநாடி இடைவேளையுள்ள கூட்டமொன்று ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 3,500 கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்த அலை மூன்று நாளைக்குச் சற்று அதிகமான காலத்தில் பிஜியின் பாரில் வந்து விழும். ஆகவே, புயல் பிறந்ததைக் கண்டவர், அலை வரும் நாளை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லலாம். புயலே இன்னும் பிறவாத பத்து நாளைக்கு அப்பாலுள்ள நிலையைப் பற்றிச் சொல்வதோ பெரும்பாலும் ஊகமே. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்ந்தவரே இச்செய்தியைச் சரியாகப் படிப்பவர்.

செய்தியில் கவனிக்க வேண்டியவை ஐந்து: அலையின் உயரம், இடைவேளை, வரும் திசை, காற்று, ஓதம். உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுவோர் பலர். 8 விநாடி இடைவேளையுள்ள அலை முகட்டுக்கு முகடு 100 மீட்டர் நீளமுள்ளது. 16 விநாடி அலையோ 400 மீட்டர். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டாவது அலை கரைக்குக் கொண்டுவரும் வலிமை இரு மடங்கு. உயரம் இரட்டித்தாலோ வலிமை நான்கு மடங்காகிறது. நீண்ட அலை 200 மீட்டர் ஆழத்திலேயே கடலடியை உணரத் தொடங்கும். பின்பு ஆழம் சட்டென்று குறையும் பவளப் பாரில் ஏறும்போது, பின்வரும் நீர் முன்னதை முட்ட, அலை செங்குத்தாக எழுந்து, குழாய்போல் வளைந்து உடைகிறது. மணற்கரையில் அடித்தளம் நாளுக்கு நாள் மாறும்; பவளப் பார் மாறுவதில்லை. அதனால்தான் அங்கே அலை ஒரே இடத்தில், ஒரே விதமாக உடைகிறது. வீரர்க்கு அதன் அழகும் அதுவே, ஆபத்தும் அதுவே. விழுந்தவன் மணலில் விழுவதில்லை, கத்திபோன்ற பவளத்தின்மேல் விழுகிறான்.

திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிஜிக்கு நேர் தெற்கே நியூஸீலாந்து ஒரு மதில்போல் கிடக்கிறது. ஆகையால் அதன் மேற்கே டாஸ்மன் கடல் வழியாகத் தென்மேற்கிலிருந்து வரும் அலைகளே இந்தப் பாருக்கு நேராகச் சேர்கின்றன. அவை வரும் நாளில் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ மெல்லிய காற்று வீசினால், அது அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்துக் கண்ணாடிபோல் ஆக்கும். தடக்காற்று மிஞ்சி வீசினாலோ, காற்று மேற்கே திரும்பினாலோ அலை குலைந்துபோகும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை காட்சியே வேறு. அது சூறாவளிக் காலம். 2016ஆம் வருஷம் பிப்ரவரி 20ஆம் தேதி ‘வின்ஸ்டன்’ சூறாவளி பிஜியைத் தாக்கி 44 பேரைப் பலிகொண்டது. அத்தீவுகளைச் சூழ்ந்த கடற்பரப்பின் சூறாவளிகளைக் கண்காணிக்கும் வட்டார நிலையம் நாண்டியிலேயே இருக்கிறது.

சூறாவளி தன் வருகையை மேகத்தாலும் காற்றாலும் பறைசாற்றிக்கொண்டு வருகிறது. தொலைவிலிருந்து வரும் அலைக்கு அத்தகைய அறிவிப்பு ஏதுமில்லை. வானம் தெளிந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும், கடல் மாத்திரம் ஏறும். 2018ஆம் வருஷம் மே மாத இறுதியில் அப்படியொரு அலைக்கூட்டம் பிஜிக்கு வந்தது. முன்னறிவிப்பைக் கண்டு தூரதேசத்து வீரர்கள் விமானமேறி வந்து காத்திருந்தனர். அந்தப் பாரில் கண்ட மிகப் பெரிய அலைகளுள் அவை சேர்ந்தவை என்று இன்றும் புகழ்கின்றனர். அதே நாட்களில், அதே பெருந்தீவின் தென்கரையில், பவளக் கரை என்று பெயர்பெற்ற பகுதியில் கடல்நீர் கரையேறிக் குடியிருப்புகளில் புகுந்தது. 2011ஆம் வருஷம் மே மாதத்திலும் அக்கரை இவ்வாறே அவதிப்பட்டது. ஒரே புயல், ஒரே அலை; ஒருவருக்குத் திருவிழா, மற்றொருவருக்கு வீட்டில் வெள்ளம்.

இதன் காரணம் விளங்காததன்று. பாரின் விளிம்பில் உடையும் அலை, உள்ளே உள்ள ஆழமற்ற பரப்பில் நீரை அள்ளிக் கொட்டுகிறது. ஒன்று வடிவதற்குள் மற்றொன்று வந்து சேர்வதால் நீர்மட்டம் உயர்கிறது. ஓதம் தாழ்ந்திருக்கும் வேளையானால் பவளம் அலையின் வேகத்தை உறிஞ்சிக் கரையைக் காக்கும். ஓதம் ஏறிய வேளையானால் காப்பு குறைகிறது. நீர் கரையைத் தாண்டுகிறது. பூமி சூடேறுவதால் கடல்மட்டம் வருஷந்தோறும் உயர்ந்துவருகிறது. அதே சூட்டால் பவளமும் வெளுத்து நலிகிறது. மதில் தேய, அகழி நிரம்புகிறது. நேற்று பாரோடு நின்ற அலை நாளை வாசற்படிக்கு வரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்த அறிவு எப்படி உண்டாயிற்று என்பதையும் நேயர்கள் அறிய வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தில், எதிரியின் கரையில் படைகளை இறக்குவதற்காக, ஸ்வெர்த்ரூப், வால்ட்டர் மங்க் என்ற இரு விஞ்ஞானிகள் அலையை முன்னறியும் முறையை வகுத்தனர். 1944ஆம் வருஷம் நார்மண்டியில் படையிறங்கிய போது அது பயன்பட்டது. 1963இல் மங்க்கும் அவருடைய சகாக்களும் நியூஸீலாந்திலிருந்து அலாஸ்கா வரை கருவிகளை வரிசையாக வைத்து, தென்கடலில் பிறந்த அலை பசிபிக் சமுத்திரம் முழுவதையும் கடந்து செல்வதை அளந்து காட்டினர். இன்று அலையைக் கணக்கிடும் யந்திரங்களும், கடலில் மிதக்கும் அளவுக்கருவிகளும், வானில் சுற்றும் செயற்கைக் கோள்களும் பெரும்பாலும் சர்க்கார்களின் பணத்தால், அதாவது ஜனங்களின் வரிப்பணத்தால் நடப்பவை. யுத்தத்துக்காகப் பிறந்து, பொதுப்பணத்தில் வளர்ந்த இவ்வறிவு, முதன்முதலில் விளையாட வருவோரின் கையில் போய்ச் சேர்ந்து, கரையில் வாழ்வோரின் காதில் கடைசியாக விழுமானால் அது நியாயமா?

அலையைப் பற்றி இத்தகைய நியாய விசாரணை பிஜியில் முன்பே எழுந்ததுண்டு. வழிவழியாகக் கடலில் மீன்பிடிக்கும் உரிமையுடைய கிராமத்தாருக்குப் பணம் கொடுத்து, விடுதிக்காரர் கிளவுட்பிரேக் அலையைத் தம் விருந்தினருக்கே உரியதாக்கிக் கொண்டிருந்தனர். பிஜியில் பிறந்தவனும் அங்கே தன் இஷ்டப்படி சறுக்க முடியாது. 2010ஆம் வருஷம் பிஜி சர்க்கார் ஓர் ஆணை பிறப்பித்து அந்தத் தனியுரிமையை ஒழித்தது. அலைக்கு வேலி போடலாகாது என்ற கொள்கையை நாம் முழுமனதுடன் ஆதரிக்கிறோம். ஆயினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியாது. 2006இல் ராணுவப் புரட்சியால் அமைந்த அந்த ஆட்சி, ஜனங்களின் வாக்கைப் பெறாதது. அடுத்த பொதுத் தேர்தல் 2014இல்தான் நடந்தது. நல்ல காரியமேயானாலும், ஜனங்களின் சம்மதமின்றி மேலிருந்து விழுந்த ஆணை அது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலைக் காத்துவந்த கிராமத்தாரின் குரலும் சேர்ந்திருந்தால் அதன் பெருமை இன்னும் உயர்ந்திருக்கும்.

அலை பொதுச்சொத்து என்று ஒப்புக்கொண்டபின், அலையைப் பற்றிய செய்தியும் பொதுச்சொத்தே. உலக வானிலை நிறுவனத்தின் ஒத்துழைப்புடன், கரையில் கடல்நீர் புகுவதை முன்னறியும் முறையொன்று பிஜியில் ஏற்படுத்தப்பட்டிருப்பது போற்றத்தக்கது. ஆனால் முன்னறிவது பாதி வேலைதான். ‘தென்மேற்கு அலை 3 மீட்டர், 16 விநாடி’ என்ற சொற்கள் வீரனுக்குப் போதும். வலை உலர்த்தும் கிழவனுக்கும், குழந்தைகளோடு கரையோரக் குடிசையில் தூங்கும் தாய்க்கும் அவை போதா. ‘நாளை விடியற்காலை ஓதம் ஏறும் வேளையில் கடல் ஊருக்குள் வரும், இன்றிரவே மேட்டுக்குப் போங்கள்’ என்று அவர்கள் பாஷையில், அவர்கள் நம்பும் ஊர்த்தலைவர் வாயிலாக, பிஜிக் கிராமங்களில் ஜனங்களைக் கூட்டும் ‘லலி’ முரசின் ஒலியோடு அது சேர வேண்டும்.

தூரதேசத்து விஷயம் என்று நம் நேயர்கள் எண்ணவேண்டாம். குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் மீனவர் ‘கள்ளக்கடல்’ என்று பெயரிட்டிருப்பது இதே அலையைத்தான். இந்து மகா சமுத்திரத்தின் தென்கோடியில் எழுந்த புயல், நம் கரையில் காற்றே இல்லாத நாளில், திருடனைப்போல் நீரை உள்ளே அனுப்புகிறது. 2024ஆம் வருஷம் மே மாதத்தில் ஹைதராபாத்திலுள்ள இந்திய சமுத்திரத் தகவல் நிலையம் கள்ளக்கடலைக் குறித்து எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. அவ்வெச்சரிக்கை வெளியான நாட்களிலேயே, 6ஆம் தேதி, கன்னியாகுமரி ஜில்லாவின் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை வாரிக்கொண்டு போயிற்று. அறிவு இருந்தது, அது மணலில் நின்ற இளைஞரின் கால்களைத் தடுக்கும் அளவுக்குச் சென்று சேரவில்லை. வைத்தியம் கற்று எத்தனையோ உயிர்களைக் காத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். இந்த நஷ்டத்துக்கு ஈடேது?

தேசத்தொண்டில் ஈடுபட்ட நம் அன்பர்களுக்கு இதில் பெரியதொரு வேலை இருக்கிறது. கூட்டம் கூட்டவும், ஊர் ஊராகச் செய்தி சொல்லவும் பழகியவர்கள் அவர்கள். கடலோரக் குப்பங்களில் இளைஞர் சங்கங்களை அமைத்து, எச்சரிக்கை வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு வீட்டிலும் அதைச் சொல்லவும், கரைக்கு வரும் வெளியூராரைத் தடுத்து நிறுத்தவும் ஏற்பாடு செய்வார்களானால், அதைவிடச் சிறந்த தொண்டு வேறில்லை. கிளவுட்பிரேக் பாரில் 2012ஆம் வருஷம் ஜூன் 8ஆம் தேதி அலை மிகப் பெரிதாக எழுந்தபோது, போட்டி நடத்தியவர்கள் அதை நிறுத்தி வைத்தனர். உலகத்தின் தலைசிறந்த வீரர்களுக்கே ‘இன்று போதும்’ என்று சொல்ல ஒருவர் கரையில் இருந்தார். நம் கரைகளிலும் அப்படிச் சொல்ல ஒருவர் நிற்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை.