எல்லாவற்றுக்கும் ஒரே தீயா?

"பிள்ளைங்களா, இந்த வருஷம் ஈஸ்டர் அசனத்துக்கு என்னால நிக்க முடியாது. முழங்கால் விடமாட்டேங்குது. பொடியை நீங்களே திரிச்சிருங்க."

லெந்து காலத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து படியிறங்கும்போது ஆச்சி இப்படிச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து எத்தனையோ வருடங்கள் ஆனாலும், நாம் 'ஐக்கிய விருந்து' என்று சொல்வது அவருக்கு இன்னும் 'அசனம்'தான். நம் சபையில் கறிக்குழம்பு என்றாலே ஆச்சியின் பொடிதான். அளவு கேட்டபோது ஒரு ரசீதின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். மல்லி 1 கிலோ, வற்றல் அரை கிலோ, சீரகம், சோம்பு, மிளகு தலா 100 கிராம், மஞ்சள் 50 கிராம், வெந்தயம் ஒரு கரண்டி, பட்டை, கிராம்பு, ஏலம் "கொஞ்சம்". அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது அவர் கைக்கு மட்டுமே தெரியும்.

அடுத்த சனிக்கிழமை காலை வாலிபர் ஐக்கியத்திலிருந்து நாங்கள் நான்கு பேர் தேக்காவுக்குப் போனோம்.

மூக்கால் வாங்கும் கடை

தேக்கா ஈரச்சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் வருவது மீன் வாடை. கொஞ்சம் தள்ளிப் போனால் அரைத்த மசாலா விற்கும் கடை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தட்டு தட்டாக விழுது குவிந்திருக்கும். "மீனா, கோழியா? எத்தனை பேருக்கு? சின்னப் பிள்ளைங்க சாப்பிடுவாங்களா?" என்று அக்கா கேட்பார். பதிலுக்கு ஏற்ப ஒவ்வொரு தட்டிலிருந்தும் அள்ளி ஒரே பையில் கட்டித் தருவார். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் அங்கே வரிசையில் நிற்பார்கள்.

எங்களுக்கு வேண்டியது முழுச் சரக்கு. அதற்குச் சாலையைக் கடந்து, அரவை மில் வைத்திருக்கும் ஒரு சிறிய மளிகைக் கடைக்குப் போனோம். வாசலிலேயே மல்லி வாசம். கடைக்கார அண்ணன் எங்கள் சீட்டைப் பார்த்தார், பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். "முதல் தடவையா? முகர்ந்து பார்த்து வாங்குங்க தம்பி" என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

மல்லியை விரலால் நசுக்கினால் எலுமிச்சையை நினைவூட்டும் ஒரு வாசம் எழ வேண்டும். சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். கிராம்பின் தலை உதிராமல் இருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். ஏலக்காய் பச்சை குறையாமல் இருக்க வேண்டும், உள்ளே விதைகள் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பட்டையில் இரண்டு வகை. தடித்து ஒரே சுருளாக இருந்தால் அது காசியா. தாள் தாளாகச் சுருண்டு, கையாலேயே நொறுங்கினால் அது இலங்கைப் பட்டை.

வாசம் என்பது விதைக்குள் இருக்கும் எண்ணெய்தான். விதை முழுதாக இருக்கும்வரை அது உள்ளே பத்திரமாக இருக்கும். பொடித்துவிட்டால் காற்றுபட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துவிடும். வீட்டு அலமாரியில் இரண்டு வருடமாக இருக்கும் பொடியில் நிறம் இருக்கும், மணம் இருக்காது.

ஜாதிக்காயை ஒரு தங்கை எடுத்து முகர்ந்தாள். "இது நம்ம ஊர்ல விளைஞ்சதுதான், தெரியுமா?" என்றார் அண்ணன். உண்மைதான். இன்று கடைத்தொகுதிகள் நிற்கும் ஆர்ச்சர்ட் சாலைப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன. 1850களில் நோய் தாக்கி அவை அழிந்துபோயின. 'தோட்டம்' என்ற பொருள் மட்டும் சாலையின் பெயரில் தங்கிவிட்டது.

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது எனக்கு மாற்கு 16 நினைவுக்கு வந்தது. மகதலேனா மரியாள், யாக்கோபின் தாயாகிய மரியாள், சலோமே ஆகிய மூவரும் ஓய்வுநாள் முடிந்தபின் சுகந்தவர்க்கங்களை வாங்கினார்கள். முதல் ஈஸ்டர் காலைக்கு முன்னால் ஒரு கடை இருந்தது. அழுத கண்களோடு அங்கே நின்று பார்த்துப் பார்த்து வாங்கிய பெண்கள் இருந்தார்கள். இத்தனை வருடம் அந்த வசனத்தை வாசித்தும் அந்தக் கடையை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

கருகிய வாணலி

மதியம் ஒரு தம்பியின் வீவக வீட்டுச் சமையலறையில் வேலையைத் தொடங்கினோம். நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று எல்லாவற்றையும் ஒரே வாணலியில் கொட்டினோம். ஐந்து நிமிடத்தில் சீரகம் கறுத்துவிட்டது. வெந்தயம் தீய்ந்தது. மல்லியோ இன்னும் பச்சையாகவே கிடந்தது. வற்றல் நெடியில் நான்கு பேரும் இருமிக்கொண்டே சன்னலுக்கு ஓடினோம்.

ஆச்சிக்கு அழைத்தோம். மறுமுனையில் சிரிப்பு அடங்கவே இல்லை.

"எல்லாத்துக்கும் ஒரே தீயா? மல்லிக்கு நேரம் வேணும். சீரகத்துக்குச் சூடு காட்டினாலே போதும். வெந்தயம் நிறம் மாறினதும் இறக்கிரணும், இல்லைன்னா குழம்பே கசந்துபோகும். போய் ஏசாயா 28 வாசிங்க."

வாசித்தோம். அதிகாரத்தின் கடைசி வசனங்களில் ஒரு உழவன் வருகிறான். சீரகத்தின்மேல் அவன் வண்டி உருளையை ஏற்றுவதில்லை, கோலால்தான் தட்டி எடுக்கிறான். அப்பத்துக்கான தானியத்துக்கு வேறு முறை. அதையும் அவன் எப்போதும் போரடித்துக்கொண்டே இருப்பதில்லை. இந்த விவேகத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் சேனைகளின் கர்த்தர் என்கிறார் தீர்க்கதரிசி.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் ஒரே தம்பியின் நினைவு வந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு பாடல் பயிற்சிக்கு அவன் தொடர்ந்து தாமதமாக வந்தான். ஒருநாள் எல்லோர் முன்னாலும் நான் அவனைக் கடிந்துகொண்டேன். இன்னொருவனாக இருந்தால் மறுவாரமே சிரித்துக்கொண்டு வந்திருப்பான். இவன் வரவே இல்லை. வீட்டில் அவனுக்கு இருந்த பாரம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சீரகத்தின்மேல் நான் உருளையை ஏற்றியிருக்கிறேன்.

அன்று மாலையே அவனுக்குச் செய்தி அனுப்பினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "அடுத்த சனிக்கிழமை மறுபடியும் மல்லி வாங்கப் போகிறோம். மூட்டை தூக்க ஆள் வேண்டும், வருவாயா?" என்று கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "எத்தனை மணிக்கு?" என்று வந்தது.

இரண்டாம் முறை ஒவ்வொன்றையும் தனித்தனியாக, இளந்தீயில் வறுத்தோம். ஆறவைத்து மில்லுக்குக் கொண்டுபோனோம். அரைத்த பொடி சூடாக வரும். உடனே கட்டினால் வியர்த்துவிடும் என்று அண்ணன் தாளில் பரப்பிவைத்தார். அந்தத் தாளைச் சுற்றி ஐந்து பேர் குனிந்து நின்று முகர்ந்துகொண்டிருந்தோம்.

நாற்காலியில் ஆச்சி

ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்ததும் ஆச்சி சமையற்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். எங்களுக்கு மூச்சு நின்றது. "பொடி சரியா இருக்கு."

அவன் அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். பாடல் குழுவுக்குத் திரும்பி வருகிறானா என்று நாங்கள் கேட்கவில்லை. பந்தி பரிமாற அவனாகவே வாளியைத் தூக்கிக்கொண்டான்.

அன்பான வாலிபத் தம்பி தங்கைகளே, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பாட்டியிடமோ அம்மாவிடமோ பொடியின் அளவைக் கேட்டு எழுதிவையுங்கள். 'கொஞ்சம்' என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், கூடவே நின்று அவர்கள் கையைப் பாருங்கள். அப்படியே, உங்கள் ஐக்கியத்தில் வராமல் போன ஒருவரையும் நினைத்துப் பாருங்கள். அவருக்கு எந்தத் தீ, எவ்வளவு நேரம் என்று கர்த்தரிடம் கேளுங்கள். உழவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் நமக்கும் கற்றுக்கொடுப்பார்.