தகுதித் தேர்வு வைத்த அமெரிக்கா

1898ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்றம் ஸ்பெயின் மீது போர் அறிவித்தது. ஸ்பெயினின் பிடியில் வதைபடும் கியூபா மக்களை விடுவித்து, அவர்களை அவர்களே ஆள வழிசெய்யப் போகிறோம் என்பதுதான் போருக்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனிக் கட்டடம் கிடையாது. நாடாளுமன்றக் கட்டடத்திலேயே ஓர் அறையில் இயங்கியது. அதே தேதியில் அங்கே ஒரு தீர்ப்பு வெளியானது. மிசிசிப்பி மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற ஹென்றி வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரின் வழக்கு அது. மிசிசிப்பியில் வாக்காளர் பட்டியலில் இருந்துதான் ஜூரிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். 1890இல் இயற்றிய மாநில அரசியல் சட்டத்தால் கறுப்பர்களை அந்தப் பட்டியலிலிருந்தே ஒதுக்கிவிட்டார்கள், ஆகவே விசாரணை செல்லாது என்று அவர் தரப்பு வாதிட்டது. சட்டத்தின் வாசகத்தில் இனத்தின் பெயரே இல்லையே, பிறகு என்ன குறை என்று கேட்டு நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தார்கள். போர்ப் பரபரப்பில் இந்தத் தீர்ப்பை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

1890களில் தொடங்கி முதல் உலகப் போர் வரையிலான காலத்தை அமெரிக்கர்கள் ‘முற்போக்குக் காலம்’ என்கிறார்கள். ஊழல் கட்சித் தலைவர்களை விரட்டியது, ரகசிய வாக்கெடுப்பைக் கொண்டுவந்தது, உணவுக் கலப்படத்தைத் தடுத்தது, பெரும் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போட்டது எல்லாம் அப்போதுதான். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களின் வாக்குரிமை பறிபோனதும், பிலிப்பைன்ஸ், புவெர்ட்டோ ரிக்கோ, குவாம், ஹவாய் ஆகிய தீவுகள் அமெரிக்காவின் கைக்கு வந்ததும் அதே காலத்தில்தான். இவற்றை மூன்று தனிக் கதைகளாகச் சொல்வது வழக்கம்: சீர்திருத்தம் பெருமை, இனப் பாகுபாடு களங்கம், தீவுகளைப் பிடித்தது ஒரு தற்காலிகத் தடுமாற்றம். இந்தப் பிரிவினை சரியென்று எனக்குத் தோன்றவில்லை. தன்னைத் தானே ஆளும் உரிமை பிறப்பால் வருவதல்ல, தகுதியை நிரூபித்துப் பெற வேண்டியது என்ற ஒரே எண்ணம்தான் மூன்றையும் நடத்தியது. கேள்வித்தாளைத் தயாரித்தவரே விடைத்தாளையும் திருத்திய தேர்வு அது.

ரகசிய வாக்கெடுப்பையே எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்பு ஒவ்வொரு கட்சியும் தன் வாக்குச் சீட்டைத் தானே அச்சடித்து வினியோகித்தது. சீட்டின் நிறத்தை வைத்தே யார் யாருக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். காசு கொடுத்தவன் கண்காணிக்கலாம். அரசே எல்லா வேட்பாளர்களின் பெயரையும் ஒரே சீட்டில் அச்சிட்டுத் தந்தபோது இந்த வியாபாரம் படுத்தது. நல்ல சீர்திருத்தம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கறுப்பர்களுக்கு எழுத்தறிவிப்பதையே அடிமைக் காலச் சட்டங்கள் பல மாநிலங்களில் குற்றமாக்கி வைத்திருந்தன. அந்த அமைப்பு ஒழிந்து முப்பது ஆண்டுகூட நிறையவில்லை. தெற்கின் அரசியல்வாதிகள் இந்த வசதியை உடனே புரிந்துகொண்டார்கள். அதன்மேல் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, சொத்து நிபந்தனை என்று அடுக்கினார்கள். மிசிசிப்பியில் அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசிக்க வேண்டும், அல்லது வாசிக்கக் கேட்டு விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று முடிவுசெய்பவர் பதிவு அலுவலர், அதாவது உள்ளூர் வெள்ளையர். 1867 ஜனவரி 1க்கு முன்பு வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்களுடைய மகன், பேரன்களுக்கும் லூயிசியானா 1898இல் தேர்விலிருந்து விலக்கு அளித்தது. அந்தத் தேதியில் அங்கே எந்தக் கறுப்பருக்கு வாக்கு இருந்தது? 1896இல் 1,30,000க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1900இல் ஏறத்தாழ 5,300 ஆனது. அதே நான்கு ஆண்டுகளில் வெள்ளை வாக்காளர்களும் சுமார் 1,64,000இலிருந்து 1,25,000 ஆகக் குறைந்தார்கள். ஏழை வெள்ளையனும் தேர்வில் தோற்றான். அவனைப் பற்றி யாரும் பெரிதாக வருந்தவில்லை.

இதைச் செய்தவர்கள் தங்களைச் சதிகாரர்களாக நினைக்கவில்லை, சீர்திருத்தக்காரர்களாகவே நினைத்தார்கள். 1900இல் வட கரோலினாவின் ஆளுநராகத் தேர்வான சார்ல்ஸ் ஏகாக் இன்றும் அங்கே பள்ளிக்கூடங்களைக் கட்டிய ‘கல்வி ஆளுநர்’ என்று நினைக்கப்படுபவர். அவர் வென்றதோ வெள்ளை மேலாதிக்கப் பிரச்சாரத்தில். அதே தேர்தல் ஆண்டில்தான் எழுத்தறிவுத் தேர்வு அந்த மாநிலச் சட்டத்தில் ஏறியது.

அடுத்து மணிலா. 1898 டிசம்பரில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கைப்படி 2 கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸைப் பெற்றது அமெரிக்கா. கைமாறிய தீவுகளின் மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்களோ 1899 ஜனவரியில் மலோலோஸ் நகரில் சொந்த அரசியல் சட்டத்தோடு ஒரு குடியரசை அறிவித்திருந்தார்கள். பிப்ரவரி 4ஆம் தேதி சண்டை மூண்டது. இரண்டு நாள் கழித்து அமெரிக்க செனட் 57க்கு 27 என்ற கணக்கில் உடன்படிக்கையை ஏற்றது. நோயும் பட்டினியும் சேர்த்து ஏறத்தாழ 2 லட்சம் பிலிப்பினோ பொதுமக்கள் மாண்டிருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. போர் முடியும் முன்பே, 1901 ஜனவரியில், நகராட்சித் தேர்தல் விதிகள் வந்தன. 23 வயது நிறைந்த ஆணாக இருக்க வேண்டும். அதோடு ஸ்பெயின் ஆட்சியில் உள்ளூர்ப் பதவி வகித்திருக்க வேண்டும், அல்லது 500 பெசோ மதிப்புள்ள சொத்தோ ஆண்டுக்கு 30 பெசோ வரியோ காட்ட வேண்டும், இல்லையென்றால் ஆங்கிலமோ ஸ்பானிஷோ பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். தகாலோக், செபுவானோ போன்ற சொந்த மொழிகளில் புலமை பெற்றிருந்தாலும் கணக்கில் வராது. 1907இல் முதல் சட்டசபைத் தேர்தல் நடந்தபோது, 76 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் பதிவான வாக்காளர்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டினார்கள். மிசிசிப்பியின் விதியையும் மணிலாவின் விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே அச்சகத்தில் அடித்தவை போலிருக்கும்.

ஒப்புமையைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். அப்படி ஒதுக்க விடாத மனிதர் ஹென்றி பில்லிங்ஸ் பிரௌன். 1896இல் பிளெஸி வழக்கில், ரயிலில் கறுப்பர்களைத் தனிப் பெட்டியில் உட்கார வைப்பது சமத்துவத்துக்கு எதிரானதல்ல என்று தீர்ப்பெழுதிய நீதிபதி இவர். தெற்கத்திக்காரர் அல்ல, மாசசூசெட்ஸில் பிறந்து டெட்ராய்டில் தொழில் செய்தவர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1901இல், இவர் முன்னால் ஆரஞ்சுப் பழங்கள் வந்தன. சான் ஹுவானிலிருந்து நியூயார்க் துறைமுகத்துக்கு டௌன்ஸ் என்ற வணிகரின் கம்பெனி இறக்கிய சரக்கு அது. சுங்க அதிகாரி 659 டாலர் 35 சென்ட் வசூலித்தார். புவெர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் பகுதிதானே, உள்நாட்டுச் சரக்குக்குச் சுங்கம் எப்படி என்று வணிகர் வழக்குப் போட்டார். தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் வரி விஷயத்தில் அமெரிக்காவின் பகுதி அல்ல என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் பிரௌன். மதம், பழக்கவழக்கம், சிந்தனை முறை எல்லாவற்றிலும் வேறுபட்ட அந்நிய இனங்கள் வாழும் இடத்தில் ஆங்கிலோ-சாக்ஸன் கொள்கைப்படி ஆட்சி நடத்துவது சில காலம் முடியாமல் போகலாம் என்பது அவர் கருத்து. ஆரஞ்சுக்குச் சுங்கம் கேட்ட வழக்கில் இனம் எங்கிருந்து வந்தது?

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன வெறியும் பேரரசு ஆசையும் ஒரே வேரில் முளைத்தவை என்றால், தெற்கின் கடும் இனவெறியர்கள் ஏன் பிலிப்பைன்ஸைச் சேர்ப்பதை எதிர்த்தார்கள்? தென் கரோலினா செனட்டர் பென் டில்மன் கறுப்பர்களின் வாக்கைப் பறித்ததை மறைக்காமல் பெருமை பேசியவர். பம்பாயில் பிறந்த கிப்ளிங், பிலிப்பைன்ஸை ஆளும் சுமையை ஏற்கச் சொல்லி அமெரிக்கர்களுக்கு எழுதிய கவிதையை 1899 பிப்ரவரியில் செனட்டில் வாசித்துக் காட்டி, அதைக் கொண்டே தீவுகள் வேண்டாம் என்று டில்மன் வாதாடினார். ஆனால் அவர் காரணத்தைக் கேட்டால் மறுப்பு கரைந்துவிடுகிறது. நிற இனங்களுக்கு ஆளத் தகுதியில்லை, அவர்களை நாட்டுக்குள் சேர்த்தால் இன்னொரு இனப் பிரச்சினைதான் மிஞ்சும் என்றார். தேர்வில் அவர்கள் தோற்றவர்கள் என்பதில் டில்மனுக்கும் அவரோடு சண்டையிட்ட பேரரசுவாதிகளுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. தோற்றவர்களைக் கட்டி ஆள்வதா, விலக்கி வைப்பதா என்பதுதான் சண்டை.

சீர்திருத்தங்கள் செய்த நன்மையை மறுக்கிறாயா என்று கேட்கலாம். மறுக்கவில்லை. 1906இன் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும். அந்தச் சட்டத்துக்காகப் போராடியவர்களில் முக்கியமானவர் இந்தியானா செனட்டர் ஆல்பர்ட் பெவரிட்ஜ். குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்கவும் மசோதா கொண்டுவந்தார். பிலிப்பைன்ஸ் என்றென்றைக்கும் நமக்கே என்று செனட்டில் 1900இல் முழங்கியவரும் இவரே; உலகை ஒழுங்குபடுத்தக் கடவுள் தேர்ந்தெடுத்த இனம் தன்னுடையது என்று நம்பினார். 1912இல் சிகாகோவில் தியடோர் ரூஸ்வெல்ட்டை வேட்பாளராக அறிவித்த முற்போக்குக் கட்சி மாநாட்டின் முதன்மை உரையும் இவருடையது. எட்டு மணி நேர வேலை, பெண்களுக்கு வாக்கு என்று பேசிய அந்த மாநாடு, தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினப் பிரதிநிதிகளை உள்ளே அமர விடவில்லை. அறிவார்ந்த நிபுணர்கள் மற்றவர்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற நம்பிக்கை, யாரை நல்லது செய்பவர், யாரை ‘மற்றவர்’ என்று வகைப்படுத்துகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அக்காலத்து மனிதர்களை இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது என்ற பேச்சு கடைசியாக வரும். அக்காலத்து அளவுகோலையே எடுத்துக்கொள்ளலாம். பாஸ்டன் வழக்கறிஞர் மூர்ஃபீல்ட் ஸ்டோரி, பேரரசு எதிர்ப்புச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். கறுப்பர் உரிமைக்காக 1909இல் உருவான தேசிய அமைப்புக்கும் அவரே முதல் தலைவர். இரண்டும் ஒரே வழக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிலிப்பைன்ஸுக்கு அனுப்பப்பட்ட கறுப்பினப் படைவீரர்களுக்கும் தெரிந்தது. சொந்த ஊரில் தங்களைத் திட்டும் அதே வசைச் சொல்லால் சக வெள்ளைச் சிப்பாய்கள் பிலிப்பினோக்களை அழைப்பதைக் கேட்டு ஊர்ப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். 24ஆம் காலாட்படையின் டேவிட் ஃபேகன் கட்சி மாறி பிலிப்பினோக்களுடன் சேர்ந்தே போரிட்டார். பிளெஸி வழக்கிலும் ஆரஞ்சு வழக்கிலும் மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஹார்லன். அவரை முழு வீரராக்கவும் முடியாது: ஜார்ஜியாவில் கறுப்பர்களுக்கான உயர்நிலைப் பள்ளியை மூடிவிட்டு வெள்ளையர் பள்ளியை மட்டும் நடத்தியதை 1899இல் அனுமதித்த தீர்ப்பு அவர் எழுதியதுதான்.

பிரௌன் எழுதிய இரண்டு தீர்ப்புகளின் கதியும் வேறுவேறு. பிளெஸி தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1954இல் தூக்கியெறிந்தது. ஆரஞ்சு வழக்கின் தீர்ப்பு இன்னும் ரத்தாகவில்லை. 1917 முதல் குடியுரிமை பெற்ற புவெர்ட்டோ ரிக்கோ மக்கள், தீவில் குடியிருக்கும்வரை அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. ஆரஞ்சு வழக்கின் வரிசையில் தீவுகளைப் பற்றி வந்த தீர்ப்புகள் இனத் தப்பெண்ணத்தில் எழுந்தவை, இவற்றைத் தூக்கியெறிய வேண்டும் என்று நீதிபதி நீல் கோர்சச் 2022 ஏப்ரலில் எழுதினார். அமெரிக்க சமோவாவில் பிறந்தவர்கள் பிறப்பால் குடியுரிமை கேட்ட வழக்கு அதே ஆண்டு அக்டோபரில் வந்தபோது, நீதிமன்றம் அதை விசாரணைக்கே எடுக்கவில்லை.